சுவாமியாராகவும் இல்லை, சிஸ்டராகவும் இல்லை: பிறகு ஏன் இறையியல்?

உயர்தரம் முடித்த பிள்ளை அடுத்ததாக என்ன படிக்கலாம் என்பதற்குத் திருகோணமலையில் ஒரு பட்டியல் இருக்கிறது. மருத்துவம், பொறியியல். அது சரிவராவிட்டால் கல்வியியற் கல்லூரி. அதுவும் இல்லையென்றால் ஹாபரில் ஒரு வேலை, சீனக்குடா மா ஆலையில் ஒரு வேலை, அல்லது கனடாவில் இருக்கிற மாமா. இறையியல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆம்பிளைப் பிள்ளை சொன்னால், "ஆ, செமினறிக்குப் போறாரோ" என்று வீட்டுக்காரரை வாழ்த்துவார்கள். பொம்பிளைப் பிள்ளை சொன்னால் உரையாடல் இப்படித்தான் போகும்:

"அப்ப சிஸ்டரா போகப்போறியோ மகள்?"

"இல்லை அன்ரி."

"பிறகு ஏன்?"

நான் புனேயில் இருக்கும் ஞானதீப வித்யாபீடத்தில் இறையியல் படித்தேன். துறவியில்லை, துறவியாகும் எண்ணமும் இல்லை. அந்த "பிறகு ஏன்?" என்ற கேள்வியைக் கோயில் வாசலிலும் கலியாண வீட்டிலும் ஓட்டோவுக்குள்ளும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சிரித்துவிட்டுப் போவதை விட, ஒருதடவை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

என்னதான் படிப்பிக்கிறார்கள்?

முதலில் இதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் பலர் நாள் முழுக்கச் செபம் சொல்லித் தருவார்கள் என்று நினைக்கிறார்கள். கத்தோலிக்க உயர்கல்வி முறையில் இறையியல் இளமாணி ஐந்து வருடம். இல்லையென்றால் இரண்டு வருடம் மெய்யியல் முடித்துவிட்டு மூன்று வருடம் இறையியல். மேலே போக விரும்பினால் லைசென்ஷியேட், பிறகு கலாநிதி. விவிலியம், கிறிஸ்தியல், திருச்சபை வரலாறு, அறநெறி இறையியல், திருவழிபாடு, திருச்சபைச் சட்டம் என்று பாடங்கள் போகும். எபிரேயமும் கிரேக்கமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் மரஞ்செடி, விலங்கு எல்லாம் வந்த பிறகுதான் மனிதர் வருகிறார்கள். இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் முதலில் வருகிறான், மரங்களும் விலங்குகளும் பிறகு. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இரண்டையும் ஒரே கதையாகச் சேர்த்துக் கேட்டுத்தான் வளர்ந்தோம். இறையியல் வகுப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் எழுதியது, எப்போது, யாருக்காக என்று கேட்கச் சொல்லித் தருகிறார்கள். கத்தோலிக்க ஆய்வாளர்கள் இப்படிக் கேட்பதற்குப் பெரிய கதவு திறந்தது 1943 இல், பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் விவிலிய ஆய்வு பற்றி எழுதிய சுற்றுமடலோடு. அதே 1943 இல்தான் அமெரிக்காவின் இண்டியானாவில், புனித மரியாள் கல்லூரியில், சகோதரி மதலேவா வுல்ஃப் பெண்களுக்கென்று இறையியல் உயர்கல்விப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுவரை, இறையியலில் பட்டம் எடுக்க விரும்பிய கத்தோலிக்கப் பெண்ணுக்குப் போக இடமே இல்லை. அவிலா தெரேசாவும் சியன்னா கத்தரீனாவும் திருச்சபையின் மறைவல்லுநர்களாக அறிவிக்கப்பட்டது 1970 இல். தெரேசா இறந்து 388 வருடம் ஆகியிருந்தது.

ஆகவே "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இது?" என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்கள் கேட்பது புதுக் கேள்வியும் இல்லை. என் அம்மம்மா பிறந்தபோது அதற்கு உலகத்தில் எங்கேயும் பதில் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

கண்டியிலிருந்து புனேக்கு

"இலங்கையில இல்லாததை இந்தியாவில போய்ப் படிக்கவேணுமோ?" என்பது அப்பாவின் கேள்வி. இதற்குப் பின்னால் ஒரு சுவாரசியமான கதை இருக்கிறது.

1893 இல் பாப்பரசர் 13ஆம் லியோ, இந்தத் துணைக்கண்டத்துக் குருக்களை இந்த மண்ணிலேயே உருவாக்கவேண்டும் என்று ஒரு பெரிய குருமடத்தைத் தொடங்கினார். இடம் கண்டி, அம்பிட்டிய. நடத்தியவர்கள் பெல்ஜிய இயேசு சபையினர். இந்தியா முழுவதிலுமிருந்து பெடியள் கடல் கடந்து, ரயிலேறி, கண்டி மலைக்கு வந்து படித்தார்கள். 1955 இல் அந்தக் குருமடம் புனேக்கு இடம்மாறியது. அம்பிட்டியவில் இலங்கைக்கான தேசிய குருமடம் வந்தது. அறுபது வருடத்துக்கு மேல் அவர்கள் எங்களிடம் வந்து படித்தார்கள், இப்போது நான் அவர்களிடம் போய்ப் படித்தேன். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப கடன் தீர்க்கப் போறாய் எண்டு சொல்லு" என்றார். அனுப்பிவிட்டார்.

அதே 1893 இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரித்துத் திருகோணமலை மறைமாவட்டமும் உருவானது. முதலில் பிரெஞ்சு இயேசு சபையினர் வந்தார்கள், பிறகு அமெரிக்காவின் தெற்கிலிருந்து வந்தார்கள். எங்கள் கிழக்கில் சுவாமிமார் சொல்லித்தந்த ஆங்கிலத்திலும் பாஸ்கட்போலிலும் இன்னும் கொஞ்சம் லூசியானா இருக்கிறது.

கோணேசர் கோயிலும் எங்கள் கோயிலும்

திருச்சபை வரலாற்று வகுப்பில், "உங்கள் ஊருக்குத் திருச்சபை எப்படி வந்தது?" என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். கோவாக்காரருக்கும் கேரளாக்காரருக்கும் ஜார்க்கண்ட் ஆதிவாசித் தோழிக்கும் அவரவர் கதை. எனக்குக் கோணேசர் கோயில்.

எங்களூர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வெளியூர் வாசகருக்காக: 1620களில் போர்த்துக்கேயர் சுவாமி மலையில் இருந்த கோணேசர் கோயிலை இடித்தார்கள். தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா 1624 இல் அதே மலையில் கோட்டை கட்டினார், கோயிலின் கற்களை எடுத்தே கட்டினார். கோட்டை வாசலில் மீன் சின்னமும் தேய்ந்துபோன தமிழ் எழுத்தும் உள்ள கல் இப்போதும் இருக்கிறது. மான்கள் பக்கத்தில் நின்று மேயும். 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலுக்குள் இறங்கிக் கோயிலின் இடிபாடுகளைப் பார்த்தார்கள். இப்போது நாங்கள் பார்க்கும் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963 இல்.

பக்கத்து வீட்டுத் தோழி சைவம். எட்டாம் வகுப்பில் ஒருநாள் மலை ஏறும்போது சாதாரணமாகக் கேட்டாள்: "உங்கட ஆக்கள்தானே இடிச்சவை?" சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள். "உங்கட ஆக்கள்" என்றால் யார் என்று எனக்கு அன்று தெரியாது. என் தாத்தா மீன்பிடித்தவர். டி சா என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்.

அந்தக் கட்டுரைக்காக வாசித்தபோதுதான் கதை இரண்டு பக்கமும் வெட்டுவது தெரிந்தது. கோட்டை கட்டி நாற்பது வருடமாவதற்குள் ஒல்லாந்தர் வந்துவிட்டார்கள். கத்தோலிக்க வழிபாடு தடை, குருமார் நாடுகடத்தல். 1687 இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் இந்தத் தீவுக்கு மறைந்து மறைந்துதான் வந்தார். 2015 இல் கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டவர் அவர். ஒரு தலைமுறையில் இடித்தவன், அடுத்த தலைமுறையில் ஒளித்திருந்து செபம் சொன்னவன். இரண்டுமே என் திருச்சபைதான். ஒளித்திருந்த கதையை மட்டும் நாங்கள் மறைக்கல்வி வகுப்பில் படித்தோம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நாங்கள் பூசைக்குப் போகும் இடத்துக்குப் பெயர் "கோயில்". போவது "பூசைக்கு". கேட்பது "அருள்". திருவிழாவுக்குக் "கொடியேற்றம்". 17ஆம் நூற்றாண்டில் மதுரையில் ரொபேர்த்தோ தெ நொபிலி போன்றவர்கள் இந்தச் சைவ, வைணவச் சொற்களைத் தெரிந்தெடுத்துக் கிறிஸ்தவத் தமிழுக்குள் கொண்டுவந்தார்கள். மதுரையில் அவர் "கோயில்" என்று எழுதிக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் திருகோணமலையில் கோயில் இடிந்தது. இடித்த திருச்சபை செபிக்கும் சொற்களெல்லாம் இடிபட்டவர்களிடம் வாங்கியவை. இதைக் கட்டுரையில் எழுதிவிட்டு வெகுநேரம் அடுத்த வரி வரவில்லை.

இறையியல் இங்கே எனக்கு எதைத் தந்தது? "அது போர்த்துக்கேயர், நாங்கள் இல்லை" என்று கைகழுவ விடவில்லை. "ஐயோ நாங்கள் பாவிகள்" என்று நெஞ்சிலடித்துவிட்டு மறக்கவும் விடவில்லை. 2000 மார்ச் 12 அன்று 2ஆம் யோவான் பவுல், திருச்சபையின் பிள்ளைகள் மற்றப் பண்பாடுகளுக்கும் சமயங்களுக்கும் செய்த பிழைகளுக்காக வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். அதை வாசித்தபோது எனக்கு வந்த கேள்வி: ரோமில் கேட்டாயிற்று, சுவாமி மலையடியில் யார் கேட்பது? அதற்கு ஆயர்தான் வேண்டுமென்றில்லை. விடுமுறைக்கு வந்தபோது கட்டுரையைத் தோழிக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "கோயில் எண்ட சொல்லைத் திருப்பிக் கேக்கமாட்டம், வைச்சிருங்கோ" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அவள் எட்டாம் வகுப்பில் கேட்டதற்கு அன்றுதான் பதில் கிடைத்தது.

"படிச்சா விசுவாசம் போயிடாதோ?"

இது அம்மாவின் பயம். நியாயமான பயம்தான். எங்கள் நாட்டிலேயே, கேள்வி கேட்ட ஓர் இறையியலாளருக்கு என்ன நடந்தது என்பது பதிவில் இருக்கிறது. அமலமரித் தியாகிகள் சபையின் திஸ்ஸ பாலசூரிய அடிகளார் கொழும்பு அக்குவைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரியின் தலைவராக இருந்தவர், 1971 இல் சமூக சமய நிலையத்தைத் தொடங்கியவர். 1990 இல் அன்னை மரியாவும் மனித விடுதலையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அமைதியான, பணிவான மாதாவை விட, வலியவர்களை இறக்கிப் பசித்தவர்களை நிரப்புகிற கடவுளைப் பாடிய உழைக்கும் பெண்ணை அதில் அவர் தேடினார். ஆதிப்பாவம் பற்றிய போதனையையும் கேள்விக்குட்படுத்தினார். 1997 சனவரியில் வத்திக்கான் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கியது. உலகம் முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு வருடத்தில், 1998 சனவரியில், தடை நீங்கியது. 2013 இல் கத்தோலிக்கக் குருவாகவே இறந்தார்.

அவர் சொன்ன எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் பாலையூற்று லூர்து மாதா திருவிழாவில் நிற்கும்போது அவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வளவு நிறையச் சனம்: மீன்பிடிக் குடும்பங்கள், பறங்கியர், வெளிநாட்டில் வேலைசெய்யும் மகளுக்காக மெழுகுதிரி கொளுத்தும் தாய்மார், நேர்த்தி வைத்த சைவச் சனம். அவர்கள் மாதாவிடம் கேட்பது எல்லாம் வீடு, வேலை, விசா, காணாமற்போன பிள்ளை. பாலசூரிய எழுதிய மாதாவைத்தான் அவர்கள் ஏற்கெனவே கும்பிடுகிறார்கள்.

என் விசுவாசம் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கவும் இல்லை. இப்போது அதற்குக் கேள்வியைக் கண்டால் பயமில்லை.

88ஆம் திருப்பாடல்

இனி, நான் உண்மையாகவே எதற்குப் படித்தேன் என்பது.

2006 சனவரி 2 அன்று எங்களூர்க் கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். நான் அப்போது சின்னப்பிள்ளை. எனக்கு ஞாபகம் இருப்பது பெரியவர்கள் சட்டென்று குரலைத் தாழ்த்தியதும், பின்னேரம் கடற்கரைக்குக் கூட்டிப்போவது நின்றதும்தான். அந்த வருடம் ஆகஸ்ட்டில் மூதூரில் 17 தொண்டு நிறுவனப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன்னரும், 1990 ஆகஸ்ட் 15 அன்று, கிழக்கில் பிள்ளைகளுக்குப் படிப்பித்துப் பாஸ்கட்போல் பழக்கிய அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹேபேர்ட், கூடப் போன இளைஞர் ஒருவரோடு வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில் காணாமற்போனார். அன்று மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா.

வளர்ந்த பிறகு இழவு வீடுகளில் நான் கேட்டவை எல்லாம் ஆறுதல்கள். "கடவுளின்ர சித்தம்." "நல்லவையை ஆண்டவர் வேளைக்கே கூப்பிடுவார்." சொன்னவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். ஒருமுறை, காணாமற்போன மகனைத் தேடும் ஒரு தாய் அதைக் கேட்டுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன். இறையியல் படிக்கவேண்டும் என்று தோன்றியது அப்போதுதான். அந்தத் தலை திரும்பியது பிழையா, சரியா என்று யாரிடமாவது கேட்கவேண்டியிருந்தது.

பதில் விவிலிய வகுப்பில் வந்தது. 150 திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். கடவுளே எங்கே போனாய், ஏன் முகத்தை மறைத்தாய், எவ்வளவு காலம் என்று நேருக்கு நேர் கேட்பவை. பெரும்பாலானவை முடியும்போது எப்படியாவது நம்பிக்கைக்குத் திரும்பும். 88 மட்டும் திரும்பாது. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடியும், கடைசிச் சொல் வரை. அதை எழுதியவரையோ, அதற்கு நல்ல முடிவு ஒன்று ஒட்டாமல் அப்படியே செபப் புத்தகத்தில் வைத்தவர்களையோ யாரும் விசுவாசம் இல்லாதவர்கள் என்று சொல்லவில்லை. எரேமியாவில் வரும் இராகேலும் அப்படித்தான். பிள்ளைகள் இல்லை என்று அழுகிறாள், ஆறுதல் சொல்ல வந்தவர்களை ஏற்க மறுக்கிறாள். ஏரோது குழந்தைகளைக் கொன்ற இடத்தில் மத்தேயு வேறு விளக்கம் எதுவும் தேடாமல் அவளைத்தான் கூப்பிடுகிறார்.

ஆகவே அந்தத் தாய் தலையைத் திருப்பியது செபம். இதை யாரும் அவவுக்குச் சொல்லியிருக்கவில்லை.

இதில் எனக்கு இன்னொரு ஆச்சரியமும் இருந்தது. அம்மம்மா கலியாணம் கட்டி யாழ்ப்பாணக் கரையோரத்திலிருந்து திருகோணமலைக்கு வந்தவ. தவக்காலம் வந்தால் சமைக்கும்போது வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு முணுமுணுப்பா. 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் காலத்தில், யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதிய பாடுகளின் பிரசங்கம் அது. கேட்டால் ஒப்பாரிபோல இருக்கும். சின்ன வயதில் எனக்கு அது பழைய ஆக்களின் சத்தம். புனே நூலகத்தில் புலம்பல் இறையியல் பற்றித் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து அந்த இராகம் காதில் கேட்டது. அம்மம்மாவிடம் போனில் சொன்னேன். "இதுக்கோ பிள்ளை இவ்வளவு தூரம் போனனீ?" என்றா.

அவவுக்குத் தெரிந்ததை நான் புத்தகத்தில் தேடிப்போனேன் என்பது உண்மைதான். ஆனால் அவவிடம் இருந்தது இராகம். அதை இழவு வீட்டில் ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கு எதிரே வைத்து, "இதுவும் திருச்சபையின் செபம்தான்" என்று வாதாட ஒரு மொழி வேண்டியிருந்தது. அதற்குத்தான் இவ்வளவு தூரம். 2023 நவம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ், இறையியல் சனங்கள் உண்மையாக வாழும் நிலைமையிலிருந்து தொடங்கவேண்டும் என்று எழுதினார். வாசித்தபோது எனக்கு எங்கள் அடுப்படிதான் ஞாபகம் வந்தது.

சரி, வேலை?

நேர்மையாகச் சொல்கிறேன்: கஷ்டம். ஒரு நேர்முகத்தில் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சமயமோ, மெய்யியலோ? எந்தப் பெட்டிக்குள்ள போடுறது?" என்று கேட்டார்கள். எந்தப் பெட்டிக்குள்ளும் போடவில்லை. பாடசாலைகளில் சமயம் கட்டாய பாடம், உயர்தரத்தில் கிறிஸ்தவ நாகரிகம் இருக்கிறது. ஆனால் அரச ஆசிரிய நியமனம் வேண்டுமென்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ நாகரிகம் படிப்பது நேர்வழி. நான் இப்போது மொழிபெயர்ப்பு செய்கிறேன், பின்னேரங்களில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன், ஞாயிறுகளில் மறைக்கல்வி. வருமானம் முதல் இரண்டிலிருந்து வருகிறது.

நீங்களும் யோசிக்கிறீர்கள் என்றால் மூன்று விசயம். பொதுநிலையினரைச் சேர்க்கிறார்களா, விடுதி இருக்கிறதா என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள். பல இடங்கள் குருமாணவர்களை மனதில் வைத்தே அமைந்தவை. ஆங்கிலத்தைத் தயார்படுத்துங்கள், ஆனால் குறிப்புகளைத் தமிழிலும் எழுதுங்கள். ஊருக்குத் திரும்பும்போது ஆங்கிலக் குறிப்பு உதவாது. மூன்றாவது, கிறிஸ்தவரல்லாத ஒரு நல்ல நண்பரை வைத்திருங்கள். எந்தச் சமூகமும் பாதியைத் தாண்டாத மாவட்டம் இது. எங்களுக்குள் மட்டும் கதைத்தால் இறையியல் வீட்டுக்கதையாகிவிடும்.

2017 இலிருந்து, காணாமலாக்கப்பட்டவர்களின் உறவுகள் எங்களூரிலும் படங்களோடு போராடுகிறார்கள். அவர்களில் சில தாய்மாரோடு மாதத்தில் ஒரு பின்னேரம் இருந்து புலம்பல் திருப்பாடல்களை வாசிக்கிறோம். ஏழு பேர், அதில் மூன்று பேர் சைவம். வியாக்கியானம் கிடையாது, ஆறுதல் வசனமும் கிடையாது. வாசிப்பது, பிறகு யாருக்காவது சொல்ல இருந்தால் சொல்வது. முதல் நாள் 88ஐ வாசித்தோம். முடிந்ததும் ஒரு அம்மா, "அவ்வளவுதானோ? இதுக்குப் பிறகு நல்லதா ஒண்டும் எழுதேல்லையோ?" என்று கேட்டா. இல்லையம்மா, இவ்வளவுதான் என்றேன். "அப்ப எழுதினவருக்கு எங்கட விசயம் தெரிஞ்சிருக்கு" என்றா. இன்னொருமுறை வாசிக்கச் சொன்னா.